விளையாத காளான் வித்தும் வாங்கியவரின் உரிமையும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வெயில் காளானுக்கு ஒத்துவராது என்று கருதுவோர் உண்டு. ஆனால் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் நன்கு விளையும் பால் காளானின் ஏபிகே 2 இரகம், இதே விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1998இல் வெளியிடப்பட்டது. சிறு குடில் அமைத்து இத்தொழிலில் இறங்கும் மகளிர் குழுவினருக்கும் சிறு விவசாயிகளுக்கும் வைக்கோலும் உழைப்பும் உள்ளூரிலேயே கிடைத்துவிடுகின்றன. முளைப்புத்திறனை நம்பி விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பது வித்து ஒன்றைத்தான். அதன் தரமோ வாங்கும் நாளில் கண்ணுக்கு முழுதும் புலப்படுவதில்லை.

காளானின் பூசண இழைகள் பரவிய சோளமே வித்தாக விற்கப்படுகிறது. அந்த இழைகள் முதலில் வளர்க்கப்படுவது, செங்கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார் என்னும் கூழ்மப் பொருளின் மேல். ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார் என்னும் அளவில் கலந்து, நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கி, ஆறி உறைந்த தளத்தில் நல்ல காளானின் உட்பகுதியிலிருந்து எடுத்த திசுத்துண்டை வைத்தால், சில நாட்களில் வெண்ணிழைகள் வட்டமாகப் பரவும். தளம் தட்டையாக இருப்பதால் ஓரத்தில் பச்சைப் பூசணமோ வழவழப்பான பாக்டீரியாவோ தலைகாட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தேர்ந்தவர் அத்தட்டை ஒதுக்கிவிட்டு, தூய வளர்ச்சியின் விளிம்பிலிருந்து மட்டுமே துண்டெடுத்துச் சோளத்துக்கு மாற்றுவார்.

சோளத்துக்குப் போன பின் பிழை மறைந்துகொள்கிறது. அரைவேக்காடாக வெந்த சோளத்தை உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் அடைத்துப் பஞ்சால் மூடி, நீராவியில் நுண்ணுயிர் நீக்குவது வழக்கம். சோளம் அதிகம் வெந்து வெடித்தாலோ நுண்ணுயிர் நீக்கம் குறைந்தாலோ, வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்கள் பிழைத்து, பையின் அடியில் நீர் கோத்துப் புளித்த வாடை வீசும். இதையாவது வாங்குபவர் கவனித்துவிடலாம். டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம் தொடக்கத்தில் காளான் இழையைப் போலவே வெளுத்திருந்து, அதன் இனப்பெருக்க வித்துகள் தோன்றிய பிறகே நிறம் மாறுவதால், பார்வைக்குத் தூய்மையாக இருந்த பை, வைக்கோல் படுக்கையை வாரக்கணக்கில் காத்திருந்தவரின் கண்முன் பச்சையாக்கிவிடுகிறது. அகாரிலிருந்து அகாருக்குப் பலமுறை மாற்றியதால் வீரியம் குன்றிய வளர்ப்போ எந்த அறிகுறியும் காட்டாமல் விளைச்சலைக் குறைத்துவிடும். பஞ்சாலைக் கழிவில் வளரக்கூடிய வைக்கோல் காளானின் வித்து, குளிர்பதனப் பெட்டியின் குளிரைத் தாங்காது இறந்துவிடும் என்பதையும் மில்கள் நிறைந்த ராஜபாளையத்தார் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே இரகத்தின் பெயர், வித்திட்ட நாள், தயாரித்தவர் விவரம் ஆகியவை பையின் மேல் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து, இரசீது பெற்று, ஒரு பையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வது இன்றியமையாதது. படுக்கை கெட்டால் நாள் தெரியும்படி படமெடுத்து, விற்றவருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வித்து வாங்கினால் காளானைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கூறுவோரிடம் விலையும் காலமும் எழுதிய ஒப்பந்தமின்றிப் பணம் கட்டக் கூடாது. 2012இல் ஈமு வளர்ப்புத் திட்டங்களில் பணம் போட்டுக் கொங்கு மண்டலத்தில் பலர் நொடித்ததை மறந்துவிடலாகாது.

1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டம் தன் வரையறையில் காளான் வித்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. எனவே வலுவான வழி, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே. வணிக நோக்கில் பொருள் வாங்குவோரை அச்சட்டம் விலக்கினாலும், பிழைப்புக்காகத் தாமே உழைத்துச் செய்யும் சுயதொழிலுக்கு வாங்குவோரை நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றும், விதை முழுவதையும் விதைத்துவிட்டதால் ஆய்வுக்கு மாதிரி தர இயலாமற்போனதை அவர் குறையாகக் கொள்ளலாகாது என்றும் கருதியது. அது பயிர் விதை பற்றிய தீர்ப்பாயினும், காளான் வளர்ப்போரின் வாதத்துக்கும் துணைநிற்கும்.

கோயம்புத்தூரிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வித்து வந்திருந்தாலும் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிட இச்சட்டம் இடமளிப்பதால், இப்பகுதியினர் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வழக்கறிஞர் தேவைப்படும் பெண்கள், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு உரியவர்கள். அதற்கான தொலைபேசி எண் 15100. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முறையீட்டுக்கான காலவரம்பு, பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள்.