காட்டுப்பன்றி ஏன் குறைய மறுக்கிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மானாவாரி விவசாயம் செய்பவர்களிடம் பேசினால், மழைக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்லும் கவலை காட்டுப்பன்றிதான். கதிர் பிடித்த மக்காச்சோளத்தை ஒரே இரவில் சாய்த்துவிடுகிறது. நிலக்கடலையை வேரோடு கிளறிப் போடுகிறது. "எத்தனை விரட்டினாலும் குறையவில்லையே, ஹஜ்ரத்!" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடமும் கேட்கிறார்கள். விலங்குகள் எப்படிப் பெருகுகின்றன, எது அவற்றை நிறுத்துகிறது என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

பெருக்கத்தின் கணக்கு

காட்டுப்பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 4 மாதம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 4 முதல் 6 குட்டிகள் பிறக்கும். 10 பன்றிகள் ஆண்டுதோறும் இரு மடங்கானால் 10 ஆண்டுகளில் 10,240 ஆகிவிடும். ஆனால் எந்த உயிரினமும் இப்படி முடிவின்றிப் பெருகுவதில்லை. இரை, தண்ணீர், மறைவிடம், பகை விலங்கு, நோய் ஆகியவை ஓர் எல்லை போடுகின்றன. ஒரு நிலம் எத்தனை உயிர்களைத் தாங்குமோ, அதைத் தாங்குதிறன் என்கிறார்கள்.

எல்லையை மீறினால் என்னவாகும்? அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் மேத்யூ தீவில் 1944-ல் 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவற்றை வேட்டையாடும் விலங்கு இல்லை. 1963-ல் அவை சுமார் 6,000 ஆயின. மேய்ச்சல் தீர்ந்தது, கடும் பனிக்காலம் வந்தது. 1966-ல் எஞ்சியவை 42 மட்டுமே.

நம் ஊரில் எல்லை உயர்ந்தது எப்படி?

அந்தத் தீவில் தீர்ந்துபோன இரை, நம் கரிசலில் தீர்வதில்லை. ஆண்டுதோறும் நாமே விதைக்கிறோம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் தை, மாசி வரை அவற்றுக்கு விருந்து.

அறுவடைக்குப் பிந்தைய கோடையில்தான் இயற்கை அவற்றைக் குறைக்க வேண்டும். அப்போது அடைக்கலம் தருவது கண்மாய்களிலும் ஓடைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். அதன் முள் மறைவிடம், அதன் காய் உணவு. குட்டிகளைப் பிடிக்கும் நரியும் நம் பெரியவர்கள் பார்த்த அளவுக்கு இன்று இல்லை. ஆக, தாங்குதிறனை உயர்த்திவிட்டது பெரும்பாலும் மனிதர்களாகிய நாம்தான்.

சுட்டால் தீருமா?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இந்த அனுமதி வனத்துறைக்குத்தான், நமக்கில்லை.

ஆனால் சுடுவது மட்டும் போதாது. பத்தில் மூன்று குறைந்தால், மீதி ஏழுக்கு இரை தாராளமாகக் கிடைக்கும். குட்டிகள் அதிகம் பிழைக்கும். இரையும் மறைவிடமும் அப்படியே இருந்தால் பழைய எண்ணிக்கை விரைவில் திரும்பிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மறைவிடத்தைக் குறைப்பது. ஊர் கூடி, உரிய அனுமதி பெற்று, கண்மாய்க் கருவேலத்தை அகற்ற வேண்டும். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் அவர்கள் வயிற்றில் அடித்ததாகாது.

இரண்டாவது, பயிர் சேதமானால் உடனே படம் எடுத்து வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் கூடவே கூடாது. இவை சட்டப்படி குற்றம். அதைவிட, இருட்டில் அந்த வேலியை மிதிப்பது பன்றியாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரராக இருக்கலாம், நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஒரு பருவத்து மக்காச்சோளம் போனால் அடுத்த மழைக்கு விதைத்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.