மறைந்துபோன இசைத்தட்டுகளும் புதிய தனி ஆல்பங்களும்: திரையிசைக்கு வெளியே உள்ள இசையைத் தேடுவது எப்படி?

திருவனந்தபுரம்: மலையாள நாட்டுப்புறப் பாடல்களை ராக் இசையோடு இணைத்த 'அவியல்' இசைக்குழு 2003-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் உருவானது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அதன் முதல் ஆல்பம் 2008-இல் வெளிவந்தது. எந்தத் திரைப்படத்தின் துணையும் இல்லாத அந்த ஆல்பம் இன்றும் கேட்கப்படுகிறது.

எல்லாத் தனி ஆல்பங்களுக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. பல ஆல்பங்கள் வெளிவந்த வேகத்திலேயே மறக்கப்படுகின்றன. சில மட்டும் பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வெளிநாட்டு ரசிகர்களால் மீண்டும் கண்டெடுக்கப்படுகின்றன. அதற்குள் கலைஞரின் வாழ்நாளில் பெரும்பகுதி கடந்துவிடுகிறது.

தனி இசைக்கு இடமளித்த நகரம்

திருவனந்தபுரத்துக்குத் திரைசாரா இசை புதிதல்ல. பாடகர் கே.ஜே.யேசுதாஸ் 1980-இல் இங்கு தொடங்கிய 'தரங்கிணி' நிறுவனம், ஓணப் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் ஒலிநாடாக்களாக வெளியிட்டு கேரள இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. கோவளத்தை அடுத்த வெள்ளாரில் உள்ள கலை மற்றும் கைவினைக் கிராமத்தில் 2022 நவம்பரில் சர்வதேச இண்டி இசைத் திருவிழா நடைபெற்றது. இந்தியக் குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் அங்கு தங்கள் சொந்தப் பாடல்களை இசைத்தன.

ஏன் மறைகின்றன?

திரைப்படப் பாடலுக்குப் படமே விளம்பரம். திரையரங்கு, வானொலி, தொலைக்காட்சி என எல்லா வழிகளிலும் அது மக்களைச் சென்றடைகிறது. தனி ஆல்பத்துக்கு அத்தகைய துணை இல்லை. முதல் பதிப்பு விற்கவில்லை என்றால் நிறுவனம் மறுபதிப்புச் செய்வதில்லை. பின்னர் நிறுவனமே மூடப்பட்டால் மூல ஒலிநாடா எங்கே இருக்கிறது, உரிமை யாரிடம் உள்ளது என்பதைக் கண்டறிவதும் கடினமாகிவிடுகிறது.

28 ஆண்டுகள் காத்திருந்த இசை

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங். ஹிந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த அவர், 1982-இல் 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளை மட்டுமே கொண்டு உருவான அந்தத் தட்டு அப்போது கவனம் பெறவில்லை. அதே வகைக் கருவிகளைக் கொண்டு சிகாகோ நகரக் கலைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையைப் படைத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். டெல்லி கடையொன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்த நெதர்லாந்து சேகரிப்பாளர் ஒருவரின் முயற்சியால், 2010-இல் அது மறுவெளியீடு கண்டது. எழுபது வயதை எட்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்த சரண்ஜித் சிங் 2015-இல் காலமானார்.

கொல்கத்தா பாடகி ரூபா பிஸ்வாஸின் அனுபவமும் இதுபோன்றதே. கனடாவின் கால்கரி நகரில் பதிவான அவரது 'டிஸ்கோ ஜாஸ்' ஆல்பம் 1982-இல் வெளியாகி, விரைவில் மறைந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அதன் 'ஆஜ் ஷோனிபார்' என்ற வங்கப் பாடல் யூடியூபில் பரவலாகக் கேட்கப்பட்டது. 2019-இல் சிகாகோவின் நியூமரோ குரூப் நிறுவனம் ஆல்பத்தை மறுவெளியீடு செய்தது. மும்பையில் பிறந்த ஆஷா புத்லி 1976-இல் பாடிய சோல், டிஸ்கோ பாடல்களும் நீண்ட காலம் சேகரிப்பாளர்களிடையே மட்டுமே அறியப்பட்டிருந்தன. பின்னாளில் அமெரிக்க ராப் கலைஞர்கள் அவற்றின் பகுதிகளைத் தங்கள் பாடல்களில் பயன்படுத்தினர்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய தட்டு கையில் கிடைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று எண்ணுவது தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதாவது, 1982-இல் வெளியான தட்டுக்கு 2042 இறுதி வரை பாதுகாப்பு உண்டு. அதனால் உரிமையாளரைக் கண்டறிந்து அனுமதி பெறுவதே மறுவெளியீட்டின் முதல் படி. மூல ஒலிநாடா கிடைக்காதபோது, நல்ல நிலையில் உள்ள தட்டிலிருந்து ஒலியைப் பெயர்த்தெடுத்து, இரைச்சலை நீக்கி, புதிய பதிப்பு உருவாக்கப்படுகிறது.

2012-இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி பாதுகாப்பளித்தது. ஆனால் யார் எழுதினார், யார் இசையமைத்தார் என்ற விவரம் பதிவாகாவிட்டால் அந்தப் பங்கை உரியவரிடம் சேர்ப்பது எளிதல்ல.

தேடலை எங்கே தொடங்குவது?

பெயர்களிலிருந்து தொடங்குவதே சிறந்த வழி. 2017-இல் வெளிவந்த 'மாயாநதி' படத்தின் பாடல்களை விரும்புவோர், இசையமைப்பாளர் ரெக்ஸ் விஜயனின் பெயரைப் பின்தொடர்ந்தால் அவர் கிட்டார் வாசித்த அவியல் குழுவின் ஆல்பத்தை அடையலாம். அங்கிருந்து அக்குழுவின் மற்ற கலைஞர்கள், ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் என்று தேடல் விரியும். சரண்ஜித் சிங்கைப் போல, திரையிசைக் குழுக்களில் வாசித்தவர்கள் தனியாக வெளியிட்ட தட்டுகளையும் இவ்வாறே கண்டறியலாம்.

பழைய தட்டுகளின் வெளியீட்டு ஆண்டு, பட்டியல் எண், பங்கேற்ற கலைஞர்கள் ஆகிய விவரங்களை 'டிஸ்காக்ஸ்' தளத்தில் தேடலாம். புதிய தனி ஆல்பங்களுக்கு 'பேண்ட்கேம்ப்' தளம் உதவும். இதில் டிஜிட்டல் விற்பனைக்குத் தளம் எடுக்கும் பங்கு பொதுவாக 15 சதவீதம். கட்டணச் செலவு போக எஞ்சியது கலைஞருக்கோ அவரது வெளியீட்டு நிறுவனத்துக்கோ செல்கிறது.

வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் இருந்தால், உள்ளிருக்கும் அச்சிட்ட அட்டையையும் சேர்த்துப் பாதுகாப்பது அவசியம். அதிகம் விற்காத ஓர் ஆல்பத்தில் யார் பாடினார், யார் வாசித்தார் என்பதற்கு அந்தச் சிறு அட்டையே எஞ்சியுள்ள ஒரே சான்றாக இருக்கக்கூடும்.