வீட்டுக்குள் வந்த இரண்டு கம்பிகள்

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இரண்டு கம்பிகள் வந்தன. பேசுவதற்கு டெலிபோன் கம்பி. படம் பார்ப்பதற்கு டெலிவிஷன் கேபிள். இன்டர்நெட்டை வேகமாகக் கொண்டு வருவது யார்? 1990-களின் கடைசியில் இரண்டுக்கும் போட்டி மூண்டது.

டெலிபோன்காரர்களின் முறைக்கு டி.எஸ்.எல். என்று பெயர். பேச்சுக்குச் செம்புக் கம்பியில் சிறிது இடமே போதும். மீதி இடத்தில், காதுக்கு எட்டாத அதிர்வுகளாக இன்டர்நெட் ஓடும். பேசிக்கொண்டே அதையும் பார்க்கலாம். ஆனால் தூரம்தான் எமன்! டெலிபோன் நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தாண்டினால் திண்டாட்டம். ஊர்க்கோடி வீட்டுக்கு ஏமாற்றமே.

கேபிளுக்கு வேறு நோய். தெருவே ஒரு கேபிளைப் பங்கு போட்டுக்கொள்ளும். மாலையில் எல்லோரும் உட்கார்ந்தால் வேகம் குறையும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

கேபிள்காரர்கள் தெருக்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து நெரிசலைக் குறைத்தார்கள். டெலிபோன்காரர்கள் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊரெங்கும் புதுக் கம்பி இழுக்க வேண்டும். செலவு கொஞ்சமா? கேபிள் முந்தியது. 2020 அக்டோபரில் ஏ.டி. அண்டு டி. கம்பெனி புதிய டி.எஸ்.எல். இணைப்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

கேபிள் எட்டாத நாட்டுப்புற வீடுகளோ, செல்போன் கோபுரத்தையும் செயற்கைக் கோளையும் தேடிப் போக வேண்டியதாயிற்று.