நிருபரின் குறிப்பேட்டைப் போலீஸார் கேட்கலாமா?

நிருபர் அலைந்து திரிந்து சேகரிப்பதில் அச்சேறி வெளிவருவது சொற்பமே. மற்றவையெல்லாம், அதாவது அவசரத்தில் கிறுக்கிய குறிப்பேடுகளும், பேட்டியைப் பதிவு செய்த நாடாக்களும், ஒளிபரப்பாமல் ஒதுக்கிய படங்களும், மேஜை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. அந்த இழுப்பறையைத் திறந்து காட்டும்படி போலீஸார் நிர்ப்பந்திக்கலாமா என்ற கேள்விக்கு, பத்திரிகைச் சுதந்திரத்தின் தாயகம் என்று பெருமை கொண்டாடும் பிரிட்டன் சொல்லும் பதில் சற்றுச் சிக்கலானது.

1984ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றிய போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், இத்தகைய பொருள்களை இரண்டாக வகுக்கிறது. ரகசியம் காப்பதாக வாக்களித்துப் பெற்ற குறிப்புகளும் ஆவணங்களும் முதல் வகை. பழைய சட்டங்கள் சில அனுமதிக்கும் அபூர்வமான சந்தர்ப்பங்கள் நீங்கலாக, போலீஸார் இவற்றை நெருங்க இயலாது. தெருவில் பகிரங்கமாக எடுத்த படங்கள் போன்றவை இரண்டாம் வகை. இவற்றை நாடும் அதிகாரி, பத்திரிகைக்கு நோட்டீஸ் கொடுத்து நீதிபதியின் முன் நின்று, கடுமையான குற்றம் நடந்திருக்கிறதென்றும், கேட்கும் பொருளால் விசாரணைக்குக் கணிசமான பிரயோஜனம் உண்டென்றும், வேறு வழிகள் பலிக்கவில்லை அல்லது பலிக்கமாட்டா என்றும், பொதுநலன் இதைக் கோருகிறதென்றும் அவர் திருப்தியுறும்படி எடுத்துக்காட்ட வேண்டும். உத்தரவு பிறந்தால் சாதாரணமாக ஏழு நாளில் ஒப்படைத்தாக வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு ஒரு தாளைக் கிழித்தெறியவும் நிருபருக்கு உரிமையில்லை.

ஏட்டில் கடுமையாகத் தோன்றும் இந்த நிபந்தனைகள் நடைமுறையில் எளிதில் தளர்ந்துவிடக்கூடியவை. 2011 அக்டோபரில் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள டேல் ஃபார்ம் என்னுமிடத்திலிருந்து நாடோடிக் குடும்பங்களை வெளியேற்றியபோது கலவரம் மூண்டது. பிபிசி, ஸ்கை முதலிய நிறுவனங்களும் தனியாளாகத் தொழில் செய்த ஒரு வீடியோ நிருபரும் எடுத்த படங்களை மொத்தமாகக் கேட்டது போலீஸ், கொடுக்கும்படி உத்தரவிட்டது செம்ஸ்ஃபோர்ட் நீதிமன்றம். 2012 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காமிராவுடன் வருபவன் நாளைக்குப் போலீஸுக்குச் சாட்சி சேகரிப்பவன் என்று கூட்டம் நினைத்துவிட்டால், அவன் மண்டை உடைவது நிச்சயம்; அதைவிட, மக்கள் பார்க்க வேண்டிய காட்சி யார் கண்ணிலும் படாமலே போகும்.

டேல் ஃபார்ம் படங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல் வகைக்கு 1984இல் எழுப்பிய மதிலில், 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் ஒரு வாசலையே திறந்துவிட்டது; அச்சட்டத்தின்படி, வாக்குக் கொடுத்துப் பெற்ற ரகசியக் குறிப்பையும் நீதிபதியின் உத்தரவால் வாங்கலாம். அந்த வாசல் வழியாகப் போலீஸார் நுழைய முயன்ற வழக்கு, பத்திரிகையாளர் கிறிஸ் மல்லினுடையது.

1974 நவம்பர் 21ஆம் தேதி இரவு பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கடைகளில் வெடித்த குண்டுகளுக்கு 21 பேர் பலியானார்கள். மறு ஆண்டு ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்கள் நிரபராதிகள் என்று நம்பிய மல்லின், உண்மைக் குற்றவாளிகளைத் தேடிச் சென்று, பெயரை வெளியிடுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்து அவர்களிடம் பேசி, 1986இல் புத்தகம் எழுதினார். பதினாறு ஆண்டு சிறையிலிருந்த அறுவரும் 1991இல் விடுதலையானதில் அந்தத் தேடலுக்குப் பெரும் பங்குண்டு. அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, நிரபராதிகளைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய அதே மேற்கு மிட்லண்ட்ஸ் போலீஸ், உண்மைக் குற்றவாளியைப் பிடிக்க மல்லினின் பழைய குறிப்புகள் வேண்டுமென்று நீதிமன்றத்துக்கு வந்தது!

மாண்டவர்களின் குடும்பத்தாருக்கு மல்லின்மீது எழுந்த கோபத்தைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. கொலைகாரனின் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருந்தும் அவர் வாய் திறக்கவில்லை என்றால் யாருக்குத்தான் நெஞ்சு கொதிக்காது? ஆயினும், அந்த வாக்குறுதி இல்லாமற் போயிருந்தால் பேசுவதற்கு ஒருவனும் முன்வந்திருக்கமாட்டான். 2022 மார்ச்சில் ஓல்ட் பெய்லி நீதிபதி மார்க் லூக்ராஃப்ட், குறிப்புகள் விசாரணைக்குப் பயன்படும் என்று ஒப்புக்கொண்டும், செய்தி தந்தவரைக் காக்கும் பொதுநலனை மீறத்தக்க காரணம் இல்லை என்று மனுவைத் தள்ளினார். அது சரியான தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் சட்டத்தின் வாசல் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. இன்னொரு நீதிபதி இன்னொரு வழக்கை வேறுவிதமாக நிறுத்துப் பார்க்கக்கூடும்.

நம் நாட்டிலோ நீதிபதி வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. விசாரணைக்குத் தேவையென்று கருதும் ஆவணத்தைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரியே எழுத்து மூலம் உத்தரவிட்டுக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு தந்த இந்த அதிகாரம் புதிய சட்டத்தின் 94ஆம் பிரிவாகத் தொடர்கிறது. செய்தியின் மூலத்தைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்று பத்திரிகைக் கவுன்சில் சட்டம் கூறுவது அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும். ரகசியமாகப் பெற்ற தகவலின் மூலத்தை வெளியிடும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாதிருக்கச் சாட்சியச் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்க்கும்படி, சட்டக் கமிஷன் தனது 93ஆவது அறிக்கையில் 1983இலேயே சிபாரிசு செய்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தப் பிரிவு இல்லை.