வாகனக் கொட்டிலில் ஒரு பயிற்சிக் கூடம்

நம் நாட்டின் நகரங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் சென்ற தலைமுறையிற் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், முன்வாசலுக்கு ஒரு புறமாக, மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் கதவுமாக ஒரு கொட்டில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மோட்டார் வண்டியை வெயிலினின்றும் மழையினின்றும் காப்பதற்கெனக் கட்டப்பட்டது அது. ஆனால், இன்று அதனுள் எட்டிப் பார்த்தால் வண்டி இருக்குமென்று உறுதி கூற முடியாது. கால் ஒடிந்த கதிரை, தேய்ந்த ரயர், பாதி தீர்ந்த வர்ணத் தகரம், பிள்ளைகள் படித்து முடித்த புத்தகக் கட்டு ஆகிய யாவும் அங்கே இருக்கும். எறிய மனம் வராத பொருள்களுக்கெல்லாம் அடைக்கலம் கொடுக்கும் இடமாக அது மாறியிருக்கும்.

எங்கள் வீட்டுக் கொட்டிலும் அவ்வாறே இருந்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது எங்கள் வண்டி வாரக்கணக்காக அசையாமல் நின்றது. அடுத்த ஆண்டு என் கணவர் அதனை விற்றுவிட்டார். வண்டி போன இடத்தை வேண்டாத பொருள்கள் வந்து நிரப்பின. அதனை ஒரு தேகாப்பியாசக் கூடமாக மாற்றலாமென்ற எண்ணம் எனக்கு ஆசையினாற் பிறந்ததன்று, அச்சத்தினாற் பிறந்தது.

எழுபத்தொன்பது வயதான என் தாயார் ஒருநாட் காலை பின்விறாந்தையில் வழுக்கி இருந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, காயமும் இல்லை. ஆயினும், எழுந்து நிற்பதற்கு வேண்டிய வலு அவருடைய கால்களில் இருக்கவில்லை. வீட்டில் வேறெவரும் இல்லாதபடியால், நான் பாடசாலை முடிந்து வரும்வரை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அவர் அந்தச் சீமெந்துத் தரையிலேயே இருந்தார். என்னைக் கண்டதும், "பிள்ளை, ஒரு நோவுமில்லை, எழும்பத்தான் ஏலாமல் போச்சு" என்றார்.

அவரைப் பார்வையிட்ட வைத்தியர் என்னை நோக்கி, "ரீச்சர், நீங்கள் தரையில் இருந்து, கையூன்றாமல் ஒருமுறை எழும்பிக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றார். நான் முயன்றேன். என்னாலும் முடியவில்லை. அப்பொழுது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

உடலுழைப்பின் பயனை விஞ்ஞானம் அளந்து காட்டத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. இலண்டன் மாநகரின் மேற்றட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரமி மொறிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். நாள் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்து வண்டி செலுத்திய சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. இரு சாராரும் ஏறியது ஒரே வண்டிதான். ஒருவர் இருந்தார், மற்றவர் நடந்தார்.

ஆனால் நடை மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பில் ஈடுபடவேண்டுமென்கிறது. அத்துடன் நில்லாது, வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டுமென்றும், அறுபத்தைந்து வயதைத் தாண்டியோர் சமநிலை பேணும் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாள்களாவது செய்யவேண்டுமென்றும் கூறுகிறது. நம்மிற் பலர் மாலையில் நடந்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். தரையிலிருந்து எழுவதற்கும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதற்கும் வேண்டிய வலு, அவற்றையொத்த பயிற்சிகளாலேயே வரும்.

இவ்விடத்தில் என்னுடைய ஒரு தவறையும் சொல்லவேண்டும். வைத்தியர் கூறியதைக் கேட்ட பதற்றத்தில், மின்சாரத்தால் ஓடும் நடைப்பொறி ஒன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கி, முன்கூடத்தில் வைத்தேன். காலால் மிதிக்கும் இத்தகைய பொறியின் மூதாதை, 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிற் என்ற ஆங்கிலேயர் சிறைக் கைதிகளை வேலை வாங்குவதற்கு அமைத்த மிதிசக்கரம் என்பதை அப்போது நான் அறியேன். அறிந்திருந்தால் வாங்குமுன் சற்று யோசித்திருப்பேன். விருந்தினர் வந்தால் அதனை ஒதுக்கவேண்டும். பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்தால் நிறுத்தவேண்டும். ஒவ்வொரு நாளும் இடத்தைத் தேடியே மனம் சலித்தது. மூன்றாம் மாதத்தில் அதன் கைப்பிடியில் ஈரத் துணிகள் தொங்கின. தவணைப் பணம் மாத்திரம் தவறாமல் நடந்தது.

பொறியிற் குறையில்லை, இடத்திலேதான் குறை. சுவரை வைத்துக்கொண்டல்லவோ சித்திரம் எழுதவேண்டும்? பயிற்சிக்கு முதலில் வேண்டுவது, எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும் ஒரு வெறுந்தரை. அந்தத் தரை எங்கள் கொட்டிலில், பழைய சாமான்களின் அடியில் எனக்காகக் காத்திருந்தது.

கொட்டிலைத் திருத்தும் முறையை இனி ஒழுங்காகக் கூறுகிறேன்.

முதலாவது, வெறுமையாக்குதல். பொருள்களை ஒரு மூலையில் அடுக்குவது வெறுமையாக்குதலாகாது. வெளியே கொண்டுவர வேண்டும். காலில் சப்பாத்தும் கையில் தடித்த உறையும் அணிந்துகொண்டே இதனைச் செய்யுங்கள். பலகைக் குவியலினடியில் தேளும் மட்டத்தேளும் இருக்கும். பாம்பும் இருத்தல் கூடும். பழைய ரயர்களையும் வாளிகளையும் முற்றாக அகற்றிவிடுங்கள். அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். அந்த நுளம்பு பெரிதும் கடிப்பது காலையிலும் மாலையிலுமாகும். நாம் பயிற்சி செய்யும் வேளையும் அதுவே. பெற்றோல், வர்ணம் கரைக்கும் திரவம், பூச்சிகொல்லி ஆகியவை மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கலாகாது. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது; தரையோடு படர்ந்து, சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, காற்று. கொட்டிலை இன்னமும் வண்டிக்கோ மோட்டார்ச் சைக்கிளுக்கோ பயன்படுத்துவோர் இதனைக் கவனமாகக் கேட்கவேண்டும். ஓடும் இயந்திரத்திலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைக் காட்டிலும் இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போதே எழுந்து வெளியே செல்லும் ஆற்றல் குறைந்துவிடலாம். ஆகவே கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். வண்டியை வெளியே எடுத்தபின்னும் கதவை அகலத் திறந்து, காற்று நன்றாக மாறியபின்னரே பயிற்சியைத் தொடங்குங்கள். மின்வெட்டுக் காலத்தில் மின்பிறப்பாக்கியை அதனுள் வைத்து இயக்குவதும் உயிருக்கு ஆபத்தானது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகள் இருந்தால் காற்று தானே ஊடுருவிச் செல்லும். கதவுக்கு எதிர்ச்சுவரில் யன்னலோ துளைக்கற்களோ இல்லையாயின், மேசன் ஒருவரைக் கொண்டு திறப்பு அமைப்பது, எந்தக் கருவியை வாங்குவதிலும் மேலான செலவாகும்.

மூன்றாவது, கூரை. நம் நாட்டுக் கொட்டில்கள் பலவற்றுக்கு அஸ்பெஸ்டஸ் தகடே கூரை. அத்தகட்டைத் துளைத்தாலும் அறுத்தாலும் உடைத்தாலும் பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலிற் படிந்து, பல்லாண்டுகளின் பின்னரும் புற்றுநோயை விளைவிக்கக் கூடியவை. ஆகவே மின்விசிறி பூட்டவோ கயிறு தொங்கவிடவோ அதிற் கைவைக்காதீர்கள். ஒட்டடை நீக்கவென்று உலர்ந்த தும்புத்தடியாற் சுரண்டவும் வேண்டாம். விசிறியைச் சுவரிற் பூட்டலாம்; அல்லது நிலத்தில் வைக்கலாம். கரையோர ஊர்களின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடற்சூடு தணிவதில்லை. எனவே விசிறியை ஆடம்பரமென்று எண்ணவேண்டாம். நண்பகலில் தகட்டின்கீழ்ப் பயிற்சி செய்தலைத் தவிர்த்து, விடிகாலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, தரை. எண்ணெய்க் கறைமீது மரத்தூளைத் தூவி, ஓரிரவு ஊறவிட்டுக் கூட்டியபின், சவர்க்காரத் தூளிட்டுத் தேய்த்துக் கழுவினால் வழுக்கல் நீங்கும். கழுவிய நீர் வெளியே ஓடுவதற்காகக் கொட்டில்களின் தரையைச் சற்றுச் சரிவாக அமைப்பது வழக்கம். சிறுவர் விளையாடும் போளை ஒன்றை நிலத்தில் வைத்துப் பாருங்கள். அது உருளும் இடத்தை நடைக்கு விட்டு, உருளாத இடத்தைப் பயிற்சிக்குக் கொள்ளுங்கள். ஆறடி நீளமும் அவ்வளவு அகலமுமான தரை ஒருவருக்குப் போதும். அதன்மேல் மாட்டுத் தொழுவங்களுக்கென விற்கப்படும் தடித்த இறப்பர் விரிப்பை இடலாம். மெத்தென்ற விரிப்பு நிற்கும்போது கால் புதைந்து சமநிலையைக் குலைக்கும்.

இனிக் கருவிகள். நான் தொடங்கியது முதுகு சாயும் உறுதியான கதிரை ஒன்றுடனும் இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களுடனுமே. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஆகவே ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்று, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைக்கட்டையாகும். அதே போத்தலில் உலர்ந்த மணலை நிரப்பினால் எடை இரண்டு கிலோவைத் தாண்டும். கை பழகப் பழக நீரிலிருந்து மணலுக்குச் செல்லலாம். பின்னர் இரும்புக் கட்டைகள் வாங்க விரும்பினால், உப்புக் காற்றில் துருவேறாதபடி, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை மெல்லிய துணியில் தோய்த்து மாதம் ஒருமுறை துடைத்து, பிடியிலுள்ள ஈரலிப்பு நீங்க உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள்.

பயிற்சியும் எளியதே. கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, கையூன்றாமல் இருந்து எழுதல் பத்துமுறை. சுவருக்கு ஓர் எட்டு விலகி நின்று, உள்ளங்கைகளை அதிற் பதித்து, உடலைச் சாய்த்துத் தள்ளுதல் பத்துமுறை. போத்தல்களைத் தோளுக்கு மேலே உயர்த்துதல் பத்துமுறை. கதிரையின் முதுகைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்றல், காலுக்குப் பத்து எண்ணிக்கை. இவற்றை இடையிடையே இளைப்பாறி மூன்று சுற்றுச் செய்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இருதய நோய், உயர் குருதி அமுக்கம், மூட்டு நோய் உடையவர்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குவதே முறை. நெஞ்சில் நோவோ தலைச்சுற்றோ கண்டால் அக்கணமே நிறுத்தி, வைத்திய உதவியை நாடவேண்டும்.

பெண்களுக்கென ஒரு வார்த்தை. அதிகாலையில் தனியே வீதியில் நடக்க நம் பெண்கள் பலர் தயங்குகின்றனர்; நாய்களுக்கு அஞ்சுவோர் உளர், நாவுகளுக்கு அஞ்சுவோரும் உளர். கொட்டிலில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கதவைப் பாதி சாத்தினாலும் காற்று வரும், பார்வை வராது. அடுப்படிக்கும் பாடசாலைக்கும் இடையே எனக்கென்று அரை மணி நேரம் கிடைத்தது அந்த இடத்திலேதான்.

கொட்டிலுக்கு ஒரு சட்டமும் வேண்டும். எங்கள் வீட்டில் நான் இட்ட சட்டம், அந்த ஆறடிச் சதுரத்தில் எவரும் எப்பொருளையும் ஓரிரவுகூட வைக்கலாகாது என்பதாகும். முதல் மாதத்தில் ஒரு தேங்காய்ச் சாக்கு வந்தது. என் கணவரே கொண்டுவந்து வைத்தார். அன்றே அதனை அப்புறப்படுத்தச் செய்தேன். ஒரு சாக்குக்கு இடம் கொடுத்தால் அடுத்த வாரம் ஒரு கதிரைக்கும் இடம் கொடுக்க நேரும்.

வாரத்தில் மூன்று நாளாகப் பயின்று, நான்காம் மாத முடிவில், ஒரு கையை முழங்காலில் மட்டும் ஊன்றித் தரையிலிருந்து எழுந்தேன். கையே ஊன்றாமல் எழ இன்னும் இரண்டு மாதம் சென்றது. நான் பயிலும்போது துணைக்கு வந்திருந்த என் தாயாரும், வைத்தியரின் அனுமதியுடன், கதிரையின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு முதலில் இரண்டு முறை எழுந்தார். இப்பொழுது எட்டு முறை எழுகிறார். எண்ணுவதும் அவரே, நான் இடையிற் பேசினால் எண்ணிக்கை தவறிவிடுமென்று கோபிப்பார்.

நேயர்களே, கொட்டிலில்லாத வீட்டிலும் ஒரு விறாந்தை மூலை இருக்கும். வருகின்ற விடுமுறை நாளில் அதைத் திறந்து பாருங்கள்; அல்லது ஒதுக்கிப் பாருங்கள். அதற்குமுன், தரையில் இருந்து, கையூன்றாமல் எழ முடிகிறதாவென்று பக்கத்தில் ஒருவரைத் துணை வைத்துக்கொண்டு ஒருமுறை முயன்று பாருங்கள். முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டால், அங்கே கிடக்கும் சாமான்களை அன்றைக்கே வெளியேற்றத் தொடங்கலாம்.