கோழித்தீனில் புண்ணாக்கு: எப்போது, எவ்வளவு?

சிலாபம் முதல் வென்னப்புவ வரையான கரையோரத்தில் தென்னந்தோட்டங்களுக்கிடையே கோழிப்பண்ணைகள் நிறைய உண்டு. 2021இல் இரசாயனப் பசளைத் தடையால் உள்ளூர்ச் சோள விளைச்சல் சரிந்தது. அடுத்து வந்த டொலர் நெருக்கடியில் இறக்குமதியும் முடங்கியது. அத்தகைய காலங்களில் சிறு பண்ணையாளர் தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் நாடுவது இயல்பு. ஆனால் எந்த நார், எந்த வயதில், எவ்வளவு என்று தெரியாமல் கலந்தால் நட்டம்தான்.

நாரில் இரண்டு வகை

சோளத்தில் நார் குறைவு, மாப்பொருள் எளிதில் செரிக்கும். கோதுமையிலும் பார்லியிலும் நீரில் கரையும் நார் அதிகம். அது குடலில் பசைபோலாகி, நொதிகள் தீனை எட்டவிடாமல் தடுக்கும். எச்சம் ஈரமாகிக் கூளம் நனையும். அமோனியா கிளம்பும், கால் புண்ணாகும்.

உமி போன்ற கரையாத நார் வேறு விதம். சமைக்குமுன் மஞ்சள் தோல் உரிக்கிறோமே, அந்த அரைவைப்பையில் அது தங்கித் தசைக்கு வேலை கொடுக்கும். தீன் அமிலத்தில் ஊறி, நன்கு அரைபட்ட பிறகே குடலுக்கு இறங்கும். மாவாக அரைத்த தீனை மட்டும் தின்ற கோழியில் இந்தப் பை சிறுத்திருக்கும். கூளத்து உமியைக் கொத்தித் தின்றதில் பருத்து இறுகியிருக்கும்.

புண்ணாக்கின் குணம்

தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் சுமார் 20 சதவீதம். ஆனால் இறைச்சி வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. எடையில் ஏறத்தாழக் கால் பங்கு மன்னன் என்ற நார். அதை உடைக்கும் நொதி கோழியிடம் இல்லை. ஒரு பிடி புண்ணாக்கைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உறிஞ்சி ஊதும். குஞ்சின் வயிற்றிலும் அப்படியே: வயிறு நிறையும், சத்து சேராது. 35 முதல் 42 நாளில் விற்க வேண்டிய கோழி, முதல் வாரங்களில் இழந்த வளர்ச்சியை எப்போது மீட்கும்?

என்ன செய்யலாம்?

குஞ்சுத்தீனில் புண்ணாக்கு வேண்டாம். வளர்ந்த கோழிக்கும் 100 கிலோ தீனில் 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். லைசினும் மன்னனேஸ் நொதியும் சேர்ப்பது நல்லது. கம்பனித் தீனில் கைக்கணக்காகக் கலந்தால் அதன் சத்துச் சமநிலை குலையும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மலிவென்று வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். பச்சையரிசித் தவிடு விரைவில் காறிப்போகும், புதிதாகவே வாங்குங்கள்.

1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் இக்கரையோரத்தை அடுத்த லுணுவிலயில் இருக்கிறது. வயம்ப பல்கலைக்கழகத்தின் கால்நடைப் பீடம் அருகிலுள்ள மாகந்துரையில் இருக்கிறது. ஆய்வு நிலையங்கள் இப்படி அருகிலேயே இருக்க, ஆலையில் விற்கும் ஒவ்வொரு புண்ணாக்கு மூட்டையிலும் நார், புரத அளவும் உற்பத்தித் திகதியும் அச்சிட வைப்பதே அடுத்து நடக்க வேண்டிய வேலை. அப்போதுதான் பண்ணையாளர் அளவறிந்து கலக்க முடியும்.