கால் இல்லாத பொம்மை நடப்பது எப்படி?

ஜப்பானின் ஒசாகாவில் வளர்ந்த பொம்மலாட்டம் புன்ராக்கு. அதில் பெண் பொம்மைகள் பெரும்பாலானவற்றுக்குக் கால்களே கிடையாது. ஆனாலும் நடக்கின்றன! கலைஞர் கிமோனோ உடையின் கீழ்விளிம்பை உள்ளிருந்து கைகளால் தள்ளித் தள்ளி அசைக்கிறார். முழங்கால் மடங்குவதாக நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

1734-இல் தொடங்கிய முறைப்படி ஒரு பொம்மையை மூவர் இயக்குகிறார்கள். தலையும் வலக்கையும் தலைமைக் கலைஞருக்கு, இடக்கை ஒருவருக்கு, கால்கள் (கால் இல்லாத பொம்மையானால் கிமோனோவின் கீழ்விளிம்பு) இன்னொருவருக்கு. தலைமைக் கலைஞரின் உடலசைவே மற்ற இருவருக்கும் சைகை.

ஒருவர் தொடங்க மற்றவர்கள் பின்தொடரும் இந்த முறையே அனிமேஷனுக்கும் பாடம். எல்லா உறுப்புகளும் ஒரே கணத்தில் புறப்பட்டு ஒரே கணத்தில் நின்றால் பாத்திரம் மரக்கட்டையாகிவிடும். ஓர் உறுப்பு முந்த, மற்றவை சற்றுப் பிந்த வேண்டும்.

அனிமேஷன் பயில்பவர்களே, முகபாவம் வரையும் முன் புன்ராக்கு பொம்மை அழும் காட்சியைப் பாருங்கள், குறிப்பாக, தோள்களை.